சம்பந்தியைப் பற்றி ரெண்டு பேச்சு

காரைக்குடியில் வீரப்பன் ஆசாரி பொருத்திய கதவைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அதை மூடினால் உள்ளே கொதிக்கிற குழம்பின் மணம்கூட வெளியே வராது. அரியக்குடியில் ஒரு வீட்டுக்கு அப்படிக் கதவு வைத்துக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை போலும் என்று இரக்கப்பட்டு எதிர்வீட்டுக்காரர்கள் ஒரு படி அரிசி கொடுத்தனுப்பினார்கள். மிகை என்று நினைப்பவர்கள் அரியக்குடிக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம். அரிசியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதுவரை சொல்வார்கள்.

அப்பேர்ப்பட்டவர் தன் மகளுக்கு ஒரு கதவை அடைத்தார். அது மட்டும் பொருந்தவில்லை.

மகள் ஹேமாவதி, காளையார்கோவில் பக்கம் கன்னியர்கள் நடத்தும் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள். போன இடத்தில் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவளானாள். சளிக்காய்ச்சல் மாதிரி அதுவும் வந்து போகும் என்று ஆசாரி பொறுத்திருந்தார். பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்து, கல்யாணம் வேண்டாம், அந்த மடத்திலேயே சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகப் போகிறேன் என்றாள். ஆசாரி பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்து முடித்து, மெஷினை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக்குப் போகிறவள் இந்த வீட்டு நடை ஏறக்கூடாது என்று சொன்னார். அவள் போய்விட்டாள். பார்த்தால் அறுத்த பலகை கோணல். அதை வைத்தே தேவகோட்டையில் ஒரு சமையலறைக்கு அலமாரி செய்து மாட்டினார். அதில் வைத்த உப்பு ஜாடி இன்றுவரை தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருப்பதாகக் கேள்வி.

அதற்குப் பிறகு மகளோடு பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் தன் தாய் சொர்ணவல்லிக்குப் போன் செய்வாள். சொர்ணவல்லி பட்டறை வாசலில் வந்து உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். காது நன்றாகக் கேட்கிறவள்தான். ஞாயிறு சாயங்காலம் உலகத்தில் எந்த ஆசாரிக்கும் வேலை இருக்காது; வீரப்பன் ஆசாரிக்கு மட்டும் தவறாமல் இருந்தது. பேச்சின் கடைசியில் மகள், "அப்பா இருக்காகளாம்மா" என்பாள். சொர்ணவல்லி பதில் சொல்லமாட்டாள். ஆசாரி கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலை எடுத்து ஒரு தேக்குத் துண்டில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கம் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளும். பிறகு, "சரிம்மா, வைக்கிறேன்" என்று குரல் வரும். அந்தத் துண்டில் விழுந்த பள்ளத்தில் ஒரு ஆழாக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கலாம்.

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வேறு சேதி சொன்னாள். அடுத்த மாதம் அவளுக்கு வார்த்தைப்பாடு. ஆண்டவருக்கே தன்னைக் கொடுத்துவிடுவதாகக் கோவிலில் எல்லார் முன்னாலும் சொல்லுகிற சடங்கு. பெற்றவர்கள் இருவரும் கூட நடந்து வந்து, பீடத்துக்கு முன்னால் மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அப்பா வராவிட்டால் மடத்தில் யாரையாவது நிற்கச் சொல்வார்களாம். வழக்கம்போல, அப்பா இருக்காகளா என்று கேட்டாள். அன்றைக்குத் தட்டும் சத்தம் வரவில்லை.

மறுநாள் காலையில் இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஆசாரி சொன்னார்: "விசாரிக்காமப் பொண்ணு குடுக்குற வழக்கம் நம்ம வீட்டுல கிடையாது."

சொர்ணவல்லி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "யார விசாரிக்கப் போறீக?"

"சம்பந்தியத்தான்."

பெண் கொடுக்கிற வீட்டார் அந்தப் பக்கத்தில் செய்கிற காரியம்தான். மாப்பிள்ளை ஊருக்கு இரண்டு பேர் சத்தமில்லாமல் போவார்கள். டீக்கடையில் ஒரு பேச்சு, சலூனில் ஒரு பேச்சு, மளிகைக் கடையில் ஒரு பேச்சு. நல்லதாகச் சொல்கிறவனைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அந்த வீட்டோடு வரப்புத் தகராறு உள்ளவன் சொல்வதைத்தான் எடை போடுவார்கள். மாப்பிள்ளையைவிட அவன் தகப்பன் குணம் முக்கியம். கோபக்காரத் தகப்பன் வீட்டில் பெண் காலம் தள்ள முடியாது.

இதற்குத் துணையாக ஆசாரி கல்யாணத் தரகர் முத்துராமனைக் கூப்பிட்டார். முத்துராமன் தெருமுனை நாய் குரைக்கிற தோரணையை வைத்தே மாமியாரின் குணத்தைச் சொல்லிவிடுகிறவர். ஒருமுறை ஒரு தெருவில் நாய் குரைக்கவே இல்லை. அந்த இடத்திலேயே சம்பந்தம் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். பின்னால் தெரிந்தது, அந்த வீட்டில் மாமியாரைத் தவிர யாரும் வாய் திறக்கக்கூடாதாம்.

"மாப்பிள்ளைக்கு என்ன தொழில், ஆசாரியாரே?"

"தச்சு."

"அட, நம்மாளு. தகப்பனுக்கு?"

"வளத்தவரும் தச்சுத்தானாம். பெத்தவரு ஆண்டவராம், அவரப் பத்தித்தான் விசாரிக்கணும்."

முத்துராமன் சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

முதலில் ஊர் வேதக் கோவில் உபதேசியார் சூசைமாணிக்கத்திடம் போனார்கள். பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக் கொடுத்து, சாமியாருக்கு ஒத்தாசையாக இருக்கிறவர். யார் வந்தாலும் முதலில் டீ வாங்கிக் கொடுக்கிறவர். உங்கள் ஆண்டவர் எப்படி, ஆள் கோபக்காரரா, வீட்டில் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று இவர்கள் கேட்டதும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். ஆண்டவர் இருக்கிறாரா என்று கேட்டவர்களுக்கு அவரிடம் பதில் இருந்தது. குணம் எப்படி என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. வெகுநேரம் யோசித்து, எல்லாம் வேதப்புத்தகத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள் என்றார். முழுப் புத்தகம் ஒன்றுதான் கையில் இருந்தது. அதை ஆசாரியிடம் கொடுத்தார். பின்பாதி மட்டும் உள்ள கையடக்கப் புத்தகம் ஒன்று இருந்தது. அதைத் தரகரிடம் கொடுத்தார். முழுப் புத்தகத்தை டிவிஎஸ் வண்டியின் பின்னால் கட்டியபோது முன்சக்கரம் தரையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது என்று முத்துராமன் பிற்பாடு பலரிடம் சொன்னார்.

அவரவர் புத்தகத்தை அவரவர் படித்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது.

ஆசாரி, காதில் செருகிய பென்சிலோடு, முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஆரம்பத்தில் அவருக்குச் சம்பந்தியை ரொம்பப் பிடித்துப்போனது. பெருவெள்ளம் வரப்போகிறது என்று ஒரு கிழவனைக் கூப்பிட்டுக் கப்பல் செய்யச் சொல்லுகிறார். இத்தனை முழ நீளம், இத்தனை முழ அகலம், தண்ணீர் புகாமல் உள்ளும் புறமும் கீல் பூசு, கதவைப் பக்கவாட்டில் வை. இவ்வளவு தெளிவாக அளவு சொல்லி வேலை கொடுத்தவர் காரைக்குடியில் ஒருவரும் இல்லை. எல்லாரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி இதே மாதிரி என்பார்கள். கிழவனும் குடும்பமும் உள்ளே போனதும் ஆண்டவரே தன் கையால் கதவை அடைத்தார் என்று போட்டிருந்தது. அந்த இடத்தில் ஆசாரி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டார். அவர் நினைப்பு உள்ளே இருந்தவர்கள் மேல் போகவில்லை. கதவுக்கு வெளியே நின்றவர்கள் மேல் போனது.

பொறுத்துக்கொண்டு மேலே படித்தார். ஒரு தகப்பனிடம் அவன் பிள்ளையையே பலி கேட்டார். கடைசி நிமிஷத்தில் வேண்டாம் என்றார். அதையும் பொறுத்தார். பிறகு மாட்டுவண்டி வந்தது. யாரும் தொடக்கூடாத ஆண்டவருடைய பெட்டியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். மாடு மிரள்கிறது. பெட்டி சாய்கிறது. கூட நடந்தவன் ஒருவன் சட்டென்று கையை நீட்டிப் பெட்டியைப் பிடிக்கிறான். பிடித்த இடத்திலேயே ஆண்டவர் அவனைச் சாகடித்துவிட்டார்.

ஆசாரி அன்றைக்குச் சாப்பிடவில்லை. எத்தனை பீரோக்களை வண்டியில் ஏற்றியிருப்பார். சாய்கிறதைப் பிடிக்க நீள்வது கை அல்லவா, அது யாரைக் கேட்டு நீள்கிறது?

மறுநாள் முத்துராமன் பட்டறைக்கு வந்து, சம்பந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கலாம் என்றார். அவர் படித்த பாதியில் ஒரு பையன் சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பஞ்சையாகத் திரும்பி வருகிறான். அவ்வளவு தூரத்தில் பார்த்ததுமே தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார்.

"வயசான மனுசன் தெருவுல ஓடுறாரு, ஆசாரியாரே. நடந்து போகல. அப்படியாப்பட்ட தகப்பன்தான் ஆண்டவருன்னு மாப்பிள்ளையே சொல்லுறாரு."

ஆசாரி பெட்டியைப் பிடித்தவன் கதையைச் சொன்னார். முத்துராமன் அது வேறு ஆளாக இருக்கும் என்றார். ஆசாரி அட்டையைத் தட்டிக் காட்டி, ஒரே ஆள்தான் என்றார். தொழிலில் இறங்கியதிலிருந்து முத்துராமன் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

இருவரும் மறுபடி உபதேசியாரிடம் போனார்கள். அவர், அது பழைய ஏற்பாடு, இது புதிய ஏற்பாடு என்று ஆரம்பித்தார்.

"ஏற்பாடு ரெண்டா இருக்கட்டும். ஆளு ஒண்ணுதானே?" என்றார் ஆசாரி. "வயசாகித் தணிஞ்சிட்டாரா?"

"அவருக்கு வயசு கிடையாதுங்க."

"அப்பத் தணியல."

சூசைமாணிக்கம் நல்ல மனிதர். தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்ல வராது. ஆசாரி நினைக்கிற மாதிரி முன்பாதி முழுக்கக் கோபமும் பின்பாதி முழுக்க அன்பும் இல்லை என்றார். பெற்றவள் பிள்ளையை மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்று ஆண்டவர் சொல்வது முன்பாதியில்தான். பழம் இல்லாத அத்திமரத்தை மாப்பிள்ளை சபித்துப் பட்டுப்போக வைத்தது பின்பாதியில். இதைக் கேட்டதும் ஆசாரிக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தெளிவும் போயிற்று. மரத்தின் மேல் கோபப்படுகிற தச்சனை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து, பெண் கொடுப்பதற்கில்லை என்று சொர்ணவல்லியிடம் சொன்னார். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்; கையை நிறுத்தவில்லை.

"நம்ம ஸ்ரீதருக்குப் போனப் போட்டு உங்களப் பத்தி விசாரிங்க," என்றாள். ஸ்ரீதர் மூத்தவன், ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறவன். "புளிய விளாறு பிய்யப் பிய்ய அடிச்சவருன்னுதான் சொல்லுவான். அவன் பேச்சக் கேட்டா இந்த வீட்டுல ஒருத்தன் சம்பந்தம் வைக்கமாட்டான். சின்னவ ஹேமாவக் கேட்டா, காய்ச்சக் காலத்துல தோளுல போட்டுக்கிட்டுப் பட்டறையச் சுத்திச் சுத்தி நடந்தவருன்னு சொல்லுவா. இதுல எவன் சொல்லுறது பொய்?"

ஆசாரி, "ரெண்டும் நெசந்தான்" என்றார்.

"அந்தப் புத்தகம் ஆண்டவரு எழுதுனதில்லையாம். அவருகிட்ட வளந்த பிள்ளைக எழுதுனதாம். ஹேமாதான் சொன்னா. அடிபட்ட பிள்ளையும் எழுதியிருக்கும், தோளுல கிடந்த பிள்ளையும் எழுதியிருக்கும்."

"பெட்டியப் பிடிச்சவன் ஒண்ணும் எழுதலயே."

சொர்ணவல்லி கீரைக் காம்பை ஒதுக்கினாள். ஊரெல்லாம் விசாரித்தது போதும், அந்த வீட்டில் இருக்கிறவளிடமே போய்க் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு, போவதற்குச் சேலை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

தரகரையும் சேர்த்து மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். மடத்தில் பார்வையாளர் அறை என்று ஒன்று. நாற்காலிகள், ஒரு மேசை, சுவரில் பெரிய சிலுவை. ஆசாரி வழக்கம்போல முதலில் மரவேலையைப் பார்த்தார். இரண்டு கட்டைகளும் சேர்கிற இடத்தைப் பார்த்தார். பிறகு ஆணி இறங்கியிருந்த இடங்களைப் பார்த்தார். தச்சன் வீட்டுப் பிள்ளையை மரத்தாலும் ஆணியாலும்தானா என்று நினைத்துக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

மடத்துத் தலைவியை எல்லாரும் மதர் என்றார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அம்மாள். வந்ததும் வராததுமாகச் சாப்பாடு தயார், இலை போடட்டுமா என்றாள். ஆசாரி தலையை ஆட்டிவிட்டார். முத்துராமன் எழுந்து விளக்கினார்: பெண் பேச்சு முடியாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கிறதில்லை. நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர்கூட வேண்டாம். இதைச் சொல்லும்போது சமையற்கட்டிலிருந்து வந்த மணத்தால் முத்துராமனின் குரல் சற்று நடுங்கியது. மதர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தன் ஊரிலும் அதுதான் வழக்கம், பெண்ணை அனுப்புகிறேன், பேசுங்கள் என்று போய்விட்டாள்.

ஹேமாவதி வெள்ளை உடுப்பில் வந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. நடை மட்டும் அப்படியே இருந்தது, வலது காலைக் கொஞ்சம் வேகமாக எடுத்து வைக்கிற நடை. வாசலில் நின்றுவிட்டாள்.

"வந்துட்டீகளாப்பா," என்றாள்.

ஆசாரி உட்காரச் சொன்னார். விசாரணைக்கு வந்தவர் விசாரணையைத் தொடங்கினார். கதவைப் பற்றிக் கேட்டார், பெட்டியைப் பற்றிக் கேட்டார். மகள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள்.

"பெட்டியப் பிடிச்சவனப் படிச்சுட்டு நானும் அழுதேன்ப்பா. மதருகிட்டக் கேட்டேன். அவுகளுக்கும் தெரியல."

"தெரியாமலா இங்க இருக்கீக?"

"அந்த இடத்துல, பெட்டியக் கொண்டுபோன ராசாவுக்கே ஆண்டவரு மேல கோவம் வந்துருச்சு. மேல படிச்சீகளா? பெட்டிய ஊருக்குள்ள கொண்டுவர மாட்டேன்னு வழியில ஒருத்தர் வீட்டுல வச்சுட்டுப் போயிட்டாரு. அவருகிட்ட கோவிச்சுக்கிட்டவுக நெறையப் பேரு அதுல இருக்காகப்பா. ஒருத்தரையும் புத்தகத்த விட்டு எடுக்கல."

ஆசாரி காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார்.

"அவரும் கோவிச்சுக்கிட்டுப் போறாரு. இனி உங்க மொகத்துல முழிக்க மாட்டேன்னு போறாரு. அடுத்த ஏட்டப் பொரட்டுனா அவரே வந்து நிக்கிறாரு. வராமப் போயிருந்தா புத்தகம் அன்னைக்கே முடிஞ்சிருக்கும்." அவள் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு ரெண்டையும் ஒட்டவைக்கத் தெரியலப்பா. இத மட்டும் பாத்து வச்சிருக்கேன்."

சொர்ணவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முத்துராமன், நாய் ஏதாவது குரைக்கிறதா என்று பார்ப்பவர்போல, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"பயமா இல்லையாத்தா?" என்றார் ஆசாரி. மகளை அவர் ஆத்தா என்று கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"சில நாள் இருக்கு. ஆனா அவரத் தேடுதுப்பா. வீட்டுக்கு வந்து உங்ககூட இருந்தாலும் அவரத் தேடும்."

மனம் ஏங்குவதைச் சொல்லும் தேடுது என்ற சொல்லுக்கு ஆசாரியிடம் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. பட்டறையில் மெஷின் ஓடும்போது தேடும். நிறுத்தினால் இன்னும் தேடும். பிளைவுட் வாங்க மதுரை போனால், பஸ்ஸில் வெள்ளை உடுப்புப் போட்ட யாராவது ஏறினால் தேடும். மகளைப் பிடித்திருப்பது வியாதி என்று நினைத்திருந்தார். தன்னைப் பிடித்திருந்த அதே வியாதி என்று இப்போதுதான் தெரிந்தது.

"எங்களுக்கு உன்னத் தேடுமே," என்றார்.

"தேடுந்தான்," என்றாள் ஹேமாவதி. வேறொன்றும் சொல்லவில்லை. சமாதானம் சொல்லியிருந்தால் ஆசாரி எழுந்து பஸ்ஸுக்குப் போயிருப்பார்.

அவர் திரும்பிச் சுவரைப் பார்த்தார். அங்கே தொங்கியவரைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது. அவருக்கும் பின்னால், பெற்றவர் எங்கேயாவது நிற்கிறாரா என்று பார்ப்பதுபோல் இருந்தது. ஒரு தகப்பன் இன்னொரு தகப்பனிடம் கேட்க வேண்டியது நிறைய இருந்தது. பெட்டியைப் பிடித்தவன் கணக்கு இன்னும் தீரவில்லை; அதை விடுவதாக அவருக்கு உத்தேசமும் இல்லை. ஆனால் பிள்ளையை ஆணியில் பார்த்த தகப்பனிடம் எடுத்த எடுப்பில் சண்டை போடவும் மனம் வரவில்லை.

"தரகரே," என்றார். "இலையப் போடச் சொல்லும்."

முத்துராமன் சமையற்கட்டுக்குப் போன வேகத்தில் மேசை விரிப்பு பறந்து விழுந்தது என்பார்கள். கன்னியர்கள் பொய் சொல்லமாட்டார்கள்.

சாம்பார், அவரைக்காய்ப் பொரியல், ரசம். ஹேமாவதிதான் பரிமாறினாள். ஆசாரி ஒரு நிமிஷம் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை வைத்தார். சொர்ணவல்லி அதைப் பார்த்த பிறகுதான் தன் இலைக்குக் குனிந்தாள். வாசலில் நின்ற மதர் சத்தமில்லாமல் உள்ளே போய், வார்த்தைப்பாட்டுக்குப் பெற்றவர்கள் இருவருமே வருகிறார்கள் என்று சொன்னது கேட்டது.

முத்துராமன் சாப்பிட்டு ஏப்பமும் விட்டார். சொர்ணவல்லியும் முடித்தாள். ஆசாரி மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவிவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு கொடுத்த பெண் கொடுத்ததுதான். அதனால் ரசம் கேட்டார். ஹேமாவதி ஊற்றினாள். பருக்கை பருக்கையாகப் பொறுக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கொஞ்சம் சோறு கேட்டார். அவர் எழுவதற்குள் காரைக்குடிக்கு எத்தனை பஸ் போயிற்று என்பதில் முத்துராமனுக்கும் மடத்துக் காவல்காரருக்கும் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. இலையில் ஒன்றும் மிச்சமில்லாதபோது ஆசாரி நிமிர்ந்து, கரண்டியோடு நின்ற மகளைப் பார்த்தார்.

"மோரு இருக்காத்தா?" என்றார்.

"இருக்குப்பா," என்று அவள் எடுத்துவரப் போனாள். மெதுவாகவே போனாள்.